மேலே போய்ப் பார்த்தவர்

இருபத்தோரு படிதான். வீட்டில் முக்காலி போட்டு ஏறி பல்பு மாற்றுகிறவள்தானே நீ. காற்று இல்லை. வெயிலும் இன்னும் ஏறவில்லை. யாரும் பார்க்கவில்லை. முதல் படியில் ஒரு காலை வை, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்கு ஒரு தடவை ஏறி இறங்கிவிட்டால், இந்த மாதத்தில் ஒரு நாளுக்காவது நான் போடும் கையெழுத்து உண்மையாக இருக்கும்.

மொட்டை மாடியில், லிஃப்ட் அறைச் சுவரை ஒட்டி நின்ற இரும்பு ஏணியின் முன்னால் எலோதியா பர்ரகான் இப்படித் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏணி சாய்வே இல்லாமல் நேராக மேலே போனது. அதன் உச்சியில், சிமென்ட் மேடைமீது, கட்டடத்தின் நான்கு தண்ணீர்த் தொட்டிகளும் கறுப்பாக உட்கார்ந்திருந்தன. கையை நீட்டி ஒரு படியைத் தொட்டாள். இரும்பு இன்னும் ஜில்லென்று இருந்தது. கையை எடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, வந்த படிக்கட்டு வழியாகவே கீழே இறங்கினாள்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. மெக்சிகோ நகரத்தில், நர்வார்த்தே பகுதியில், மருத்துவர்கள் ஆலோசனை அறைகள் வைத்திருக்கும் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றுக்கு ஒன்பது வருடமாகப் பராமரிப்பு மேலாளர். நான்காவது மாடியில் டயாலிசிஸ் பிரிவு இருந்தது. மற்ற மாடிகளில் தண்ணீர் நின்றால் வசவு வரும். அந்த மாடியில் நின்றால் ஆள் போய்விடும்.

எல்லாம் ஒழுங்காக நடக்கிற நாளில் எலோதியா என்று ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. ஏதாவது நின்றால்தான் அவள் பெயர் ஞாபகம் வரும். இரண்டாவது மாடிப் பல் மருத்துவருக்கு ஏசி குளிரடிக்கும். அதே குழாயிலிருந்து காற்று வாங்கும் மூன்றாவது மாடிக் கண் மருத்துவரின் செயலாளருக்கு வேர்க்கும். இருவரும் ஒரே காலையில் போன் செய்வார்கள். சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் மோட்டாரை மாற்றச் சொல்லி நான்கு வருடமாக உரிமையாளர் குழுவுக்கு எழுதுகிறாள்; ஓடிக்கொண்டிருப்பதை எதற்கு மாற்ற வேண்டும் என்று நான்கு வருடமாக ஒரே பதில். அவள் அதற்கெல்லாம் பழகியிருந்தாள். குறை சொல்ல வருகிறவர் முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறப்பதில்லை. மோட்டாரின் பேரிங்கில் சத்தம் மாறுகிற அன்றைக்கே பிரித்துப் பார்த்துவிடச் சொல்லுவாள். எழுதாத வேலை நடக்காத வேலை என்று தன் ஆட்களிடம் அடிக்கடி சொல்லுவாள். போன மாதம்கூட ஒரு துப்புரவுப் பெண், கழிப்பறையைக் கழுவுவதற்கு முன்னாலேயே அட்டவணையில் டிக் அடித்துவிட்டாள் என்று எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தாள். அந்தப் பெண் முகம் சிவந்து நின்றது எலோதியாவுக்கு இன்னும் மறக்கவில்லை.

டயாலிசிஸ் பிரிவு இருப்பதால், மேலே உள்ள தொட்டிகளைத் தினமும் காலையில் ஒருவர் ஏறி நேரில் பார்க்க வேண்டும். தண்ணீர் மட்டம், மூடி, மிதவைப் பந்து, குளோரின் எல்லாவற்றுக்கும் மாதப் படிவத்தில் கட்டங்கள் உண்டு. கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘மேலே போய்ப் பார்த்தவர்.’ நான்கு வருடமாக ஒவ்வொரு நாளுக்கும் அந்தக் கட்டத்தில் அவள் கையெழுத்துதான் இருந்தது. நான்கு வருடமாக ஒரு நாள்கூட அவள் மேலே போகவில்லை.

அது ஒரு பிப்ரவரிக் காலையில் தொடங்கியது. அவள் ஏணியின் பதினாலாவது படியில் இருந்தபோது தெருக் கம்பங்களில் நிலநடுக்க எச்சரிக்கை ஊளையிட்டது. இறங்கத் தோன்றவில்லை, ஏறவும் தோன்றவில்லை. பிறகு கட்டடம் அசைந்தது. பெரிய நடுக்கம் இல்லை. மறுநாள் யாரும் அதைப் பற்றிப் பேசக்கூட இல்லை. ஆனால் ஏழு மாடிக்கும் மேலே அது வேறு மாதிரி. சுவர் அவளை விட்டு விலகிப் போய்த் திரும்பி வந்தது. தொட்டியில் அலைந்த தண்ணீர் மூடியைத் தள்ளிக்கொண்டு அவள் தலையில் கொட்டியது. எல்லாம் நின்ற பிறகும் அவள் கைகள் திறக்கவில்லை.

தோன் செல்சோதான் ஏறி வந்தார். கட்டடத்தின் குழாய் வேலைக்காரர்; ‘தோன்’ என்பது மூத்தவருக்குத் தரும் மரியாதை. ஐம்பத்தேழு வயது அப்போது. அவளுக்குப் பின்னால் அதே ஏணியில் நின்றுகொண்டு, ஒரு கையால் அவளை அணைத்தபடி, மறு கையால் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். சுண்டுவிரலில் ஆரம்பித்தார். பிரித்துக்கொண்டே பக்கத்து வீட்டுச் சேவலைப் பற்றிப் பேசினார். அது விடியற்காலை நாலு மணிக்குக் கூவுகிறதாம், அவர் மனைவி அதற்கு நாள் குறித்துவிட்டாளாம், குழம்புக்கு மிளகாய்கூட வறுத்து வைத்திருக்கிறாளாம். ஒவ்வொரு விரலும் பிடியை விட்டபோது பேச்சை நிறுத்தி, “இது வந்துடுச்சு. அடுத்தது,” என்றார்.

மறுநாள் காலை அவள் ஏணியடியில் வந்து நின்றபோது அவர் முன்பே அங்கே இருந்தார். எப்படியும் மிதவைப் பந்தைத் தேய்க்க மேலே போக வேண்டும், பார்த்துவிட்டு வந்து சொல்லிவிடுகிறேன் என்றார். அதற்கடுத்த நாள் வேறொரு காரணம் சொன்னார். ஒரு வாரம் கழித்துக் காரணம் சொல்வதை விட்டுவிட்டார். அன்றிலிருந்து காலை ஒன்பது மணிக்கு அவள் அறைக் கதவில் காகித டேப் துண்டு ஒன்று ஒட்டியிருக்கும். அதில் பென்சிலால் எழுதியிருப்பார்: ‘1 நிறைவு. 2 நிறைவு. 3 நிறைவு, மூடி தளர்வு, கட்டிவிட்டேன். 4 பாதி. புறா இரண்டு, வெட்கம் கெட்டவை.’ புறாக்களை விட்டுவிட்டு மற்றதை அவள் படிவத்தில் எழுதுவாள்; மாதக் கடைசியில் எல்லா நாளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுவாள்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவளிடம்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எலோதியா தன் வாழ்க்கையில் யாருக்காவது கடன்பட்டதாக நினைத்தால் அது இந்த மனிதருக்குத்தான். ஆனால் அந்த நன்றி அவளுக்குள் ஒரு கோணலான வடிவத்தில் வளர்ந்தது. அவரைக் கண்டால் பேச்சைச் சுருக்கிக்கொண்டாள். கிறிஸ்துமஸ் கூடையில் அவருக்கு மட்டும் எதையாவது கூடுதலாக வைத்தாள். நன்றி என்று சொன்னால் எதற்கு என்பதையும் சொல்ல வேண்டிவரும். அந்த இடத்தில் அவள் வாய் நின்றுவிடும், பதினாலாவது படியில் கை நின்றதுபோல.

அந்தத் திங்கட்கிழமை, ஏணியிலிருந்து தோற்றுத் திரும்பிய அன்றைக்கே, நிர்வாகி கூப்பிட்டனுப்பினார். சட்டம் படித்தாரோ இல்லையோ, எல்லோரும் அவரை லிசென்சியாதோ கிரோஸ் என்று பட்டத்தோடுதான் அழைப்பார்கள். கெட்ட மனிதர் அல்ல. அவளுக்குத் தன் கையாலேயே காபி ஊற்றிக் கொடுத்தார். உரிமையாளர் குழு ஒரு ஆலோசகரை வைத்து ஆட்களின் வேலை நேரத்தை அளந்திருக்கிறது, பராமரிப்பில் ஒருவரைக் குறைக்கச் சொல்கிறார்கள், குழாய் வேலைக்கு இனிமேல் கூப்பிட்டால் வரும் கம்பெனி ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள் என்று வருத்தமாகவே சொன்னார். அப்புறம் ஒரு தாளை அவள் பக்கம் திருப்பினார். செல்சோ உவெர்த்தா என்ற பெயருக்கு நேரே, காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை, வெள்ளையாக இருந்தது.

“இந்த ரெண்டு மணி நேரம் இவர் என்னதான் பண்றார், இஞ்சினியர்? நான் சொல்லல. உங்க படிவத்துலயே ஒண்ணும் இல்ல.”

ஒன்றும் இருக்காது. அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் அவள் நான்கு வருடமாகத் தன் பெயரில் எழுதிக்கொண்டிருந்தாள்.

சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். வாயில் காபி இருந்தது, அதை விழுங்கினாள். பார்த்துச் சொல்கிறேன் என்றாள். ஐந்தாம் தேதி திங்கட்கிழமை குழு கூடுகிறது, ஏப்ரல் படிவத்தை அதற்குள் கொடுத்துவிடுங்கள் என்றார் அவர். தோன் செல்சோவுக்கு ஓய்வூதியத்துக்கு வேலை செய்திருக்க வேண்டிய வாரங்களில் இன்னும் அறுபது குறைவு என்பது அவளுக்குத் தெரியும். கையில் விரல் விட்டு எண்ணுவதுபோல அவர் அந்த வாரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். அறுபத்தொரு வயதுக் குழாய்க்காரரை யாரும் புதிதாகப் பதிவு செய்து வேலைக்கு வைத்துக்கொள்ளப் போவதில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போகும் பேருந்தில் அவள் தன்னை ஒரு வேலைத் திட்டத்தால் சமாதானப்படுத்திக்கொண்டாள். கட்டடத்தின் குழாய்கள் எது எங்கே போகிறது என்பதற்குச் சரியான வரைபடம் கிடையாது. கட்டியபோது போட்டது ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு மூன்று தடவை எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். முழு வரைபடமும் இருப்பது தோன் செல்சோவின் தலைக்குள் மட்டும்தான். அதை எழுதி எடுத்துக் குழுவின் முன்னால் வைத்தால், இவர் இல்லாமல் இந்தக் கட்டடம் ஓடாது என்று அவர்களுக்கே புரியும். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது.

செவ்வாய்க்கிழமை காலை நோட்டும் கையுமாக அவரோடு சுற்றத் தொடங்கினாள். முப்பத்தேழு வால்வுகள். ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் ஒரு சொட்டு வண்ணம் இருந்தது. அவர் மனைவி வீட்டிலேயே பெண்களுக்கு நகம் அலங்கரிக்கிறவள். அடியில் தங்கிய நகப்பூச்சுக் குப்பிகளை இவர் எடுத்து வந்துவிடுவார். பெயின்ட் ஈரத்தில் உரிந்துவிடும், இது உரியாது என்றார். சிவப்பு டயாலிசிஸுக்கு, ஊதா தீயணைப்புக்கு, மினுமினுக்கிற ரோஜா நிறம் பல் மருத்துவருக்கு. “அவர் கத்தறதுக்கு இந்தக் கலர்தான் பொருத்தம்,” என்றார். அவள் சிரித்தாள். அவரோடு சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. எண் பொறித்த தகடு ஒவ்வொன்றையும் அவரே கம்பியால் கட்டினார். அவள் எழுதிக்கொண்டே வந்தாள்: எதை மூடினால் எது நிற்கும், எதை மூடவே கூடாது.

புதன்கிழமை தண்ணீர் வரவில்லை. அந்தப் பகுதிக்கு நகரத் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். செவ்வாய் இரவு வர வேண்டிய முறை வராமல் போயிற்று. காலை ஏழரைக்கே தோன் செல்சோ மேலே போய்ப் பார்த்து, மூன்றாவது தொட்டியின் தண்ணீர் டயாலிசிஸுக்கு மட்டும் போகும்படி, அதை மற்ற தொட்டிகளோடு இணைக்கும் சிவப்பு வால்வை மூடிவிட்டு, இறங்கி வந்து தண்ணீர் லாரிக்குச் சொல்லச் சொன்னார். பத்து மணிக்கு மற்ற மாடிகளில் குழாய் இருமத் தொடங்கியது. பல் மருத்துவர் கத்தினார். நான்காவது மாடியில் மட்டும் பன்னிரண்டு பேர் பன்னிரண்டு நாற்காலிகளில் சாய்ந்து, தங்கள் ரத்தம் கழுவப்படுவதைக்கூடக் கவனிக்காமல் தொலைக்காட்சித் தொடர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாரி வர மதியம் ஒன்றாகிவிட்டது. அதற்குள் அந்தப் பன்னிரண்டு பேரும் முடித்துவிட்டு, கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி லிஃப்டுக்குக் காத்திருந்தார்கள்.

டயாலிசிஸ் பிரிவின் தலைமைச் செவிலி நேலிதா கீழே இறங்கி வந்து எலோதியாவைக் கட்டிக்கொண்டாள். எட்டு வருடச் சிநேகிதி.

“நீ மட்டும் காலையிலேயே பாத்திருக்கலன்னா இன்னைக்கு என் கதி என்ன ஆயிருக்கும், எலோ. நடுவுல மெஷினை நிறுத்தறதுன்னா சும்மாவா.”

அது தோன் செல்சோ செய்தது என்றாள் எலோதியா.

“அவரா?” நேலிதா சிரித்தாள். “எப்பப் பாத்தாலும் ஏழாவது மாடிப் படிக்கட்டுல உக்காந்து ரேடியோ கேட்டுட்டு இருப்பாரே, அவரா? போடி. உன் அடக்கத்துக்கு ஒரு அளவே இல்ல.”

அவர் அந்தப் படிக்கட்டில் உட்காருவது மேலே இருந்து இறங்கி மூச்சு வாங்கத்தான். எலோதியாவுக்கு அது தெரியும். அந்தப் பக்கம் போகிற யாருக்கும் தெரியாது. தனக்கு உரிமையில்லாத நன்றி தன் தோளைச் சுற்றிக்கொண்டிருந்தது. நேலிதாவின் கை சோப்பு வாசனை அடித்தது. பன்னிரண்டு பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்பது மட்டும் நிஜமாகவே நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்குள்ளேயே ஒரு கூச்சமும் ஊறிக்கொண்டிருந்தது.

வியாழன் மதியம் அடித்தள அறையில் தோன் செல்சோ சோள ரொட்டி சூடு பண்ணிக்கொண்டிருந்தார். வால்வுப் பட்டியலில் கடைசி மூன்றைக் கேட்டு எழுத அவள் போனாள். அவர் ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டு, அவள் நோட்டையே பார்த்தார்.

“ஒண்ணு கேக்கட்டுமா, இஞ்சினியரம்மா. நான் முன்ன வேலை பாத்த துணி மில்லுல ஒரு நாள் இப்படித்தான் ஒருத்தர் நோட்டு எடுத்துட்டு வந்தார். எல்லாத்தையும் கேட்டுக் கேட்டு எழுதினார். எழுதி முடிச்ச வாரமே என்னை அனுப்பிட்டாங்க.” ரொட்டியை எடுத்துத் துணியில் சுற்றினார். “என்னை அனுப்பப் போறாங்களா?”

இதை அவள் யோசித்திருக்கவே இல்லை. எழுதினால் காப்பாற்றலாம் என்று நினைத்தாள். எழுதி முடித்த நோட்டு குழுவின் கையில் போனால், அந்த நோட்டு போதும், ஆள் எதற்கு என்றுதான் கேட்பார்கள். முப்பத்தேழு வால்வுகளையும் அவரைக்கொண்டே அவரிடமிருந்து கழற்றி எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்: குழு, ஆலோசகர், வெள்ளையாக இருந்த இரண்டு மணி நேரம், அது ஏன் வெள்ளையாக இருந்தது, திங்கட்கிழமை தான் வாயைத் திறக்காதது. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அதற்குத் தயாராகவும் இருந்தாள். அவர் ஒரு ரொட்டியில் பீன்ஸும் மிளகாயும் வைத்துச் சுருட்டி அவள் பக்கம் தள்ளினார்.

“சாப்பிடுங்க. முகம் வெளுத்துப் போயிருக்கு.”

“நான் உங்களுக்கு ஒரு தடவைகூட நன்றி சொல்லல, தோன் செல்சோ.”

“இந்த அடுப்பை யார் வாங்கி வெச்சாங்க?” என்றார் அவர். “நீங்க வர்றதுக்கு முன்னாடி பதினொரு வருஷம் நாங்க மோட்டார் பக்கத்துல நின்னுக்கிட்டு ஆறிப்போனதைத்தான் தின்னோம். நீங்க வந்த முதல் மாசம் இந்த ரூமைத் திறந்து மேசை போட்டீங்க. அதுக்கு நான் நன்றி சொன்னேனா?”

“அதுவும் இதுவும் ஒண்ணா?”

“எனக்கு ஒண்ணுதான்.” ரொட்டியை மென்றுகொண்டே யோசித்தார். “மேல போறதுல எனக்கு என்ன நஷ்டம்? அங்கேர்ந்து வானம் சுத்தமா இருக்கற நாள்ல எரிமலை தெரியும். ஆனா ஒண்ணு, அந்த லிசென்சியாதோகிட்ட போய் இதைச் சொல்லிடாதீங்க. சொன்னா உங்க வேலைதான் முதல்ல போகும்.”

அவள் அந்த ரொட்டியைச் சாப்பிட்டாள். மிளகாய் காரமாக இருந்தது; கண்ணில் வந்ததற்கு அது ஒரு சாக்காக இருந்தது. நான்கு வருடத்தில் முதல் தடவையாக அவர் எதிரில் தான் தோளைத் தளர்த்தி உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. ஒன்றும் தீரவில்லை. ஆனாலும் உள்ளே எங்கோ ஒரு வால்வு திறந்த மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை கிரோஸிடம் போனாள். அவர் காபி ஊற்ற எழுந்தபோது வேண்டாம் என்றாள், வாயில் ஒன்றும் இருக்கக் கூடாது என்பதற்காக. நின்றுகொண்டே சொன்னாள். அந்த ஏணியைக் கண்டால் தனக்குப் பயம் என்றாள்; அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னாள். அது எவ்வளவு சின்ன வார்த்தை என்று ஆச்சரியமாக இருந்தது.

கிரோஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். எத்தனை நாளாக என்று கேட்டார். நான்கு வருடம் என்றாள்.

“இதை நான் கேக்கவே இல்லைன்னு வெச்சுக்கலாம்,” என்றார். பிறகு நிதானமாக, அவளுக்கு உதவி செய்கிற தொனியிலேயே, நிலைமையை விளக்கினார். திங்கட்கிழமை ஏப்ரல் படிவம் குழுவின் மேசைக்குப் போகும். அதில் வழக்கம்போல அவள் கையெழுத்து இருந்தால் எதுவும் மாறாது; செல்சோ ஒரு நல்ல சிபாரிசுக் கடிதத்தோடு போவார். அதில் செல்சோவின் கையெழுத்து இருந்தால் அந்த இரண்டு மணி நேரம் அவருடையதாகிவிடும். டயாலிசிஸ் இருக்கிறவரை அவரை யாரும் தொட முடியாது. ஆனால் அதற்கு முந்தைய நான்கு வருடப் படிவங்களையும் எடுத்துவரச் சொல்லுவார்கள். “அப்ப உங்களுக்காகப் பேச என்னால முடியும்னு பொய் சொல்ல மாட்டேன், இஞ்சினியர்.”

பொய் சொல்லாததற்கு அவள் அவருக்கு நன்றி சொன்னாள். அதை மனதாரவே சொன்னாள்.

மறுநாள் சனிக்கிழமை, மே மூன்று, சிலுவை நாள். கொத்தனாரும் தச்சரும் குழாய்க்காரரும் தாங்கள் கட்டும் கட்டடத்தின் உச்சியில் பூச்சுற்றிய சிலுவை நட்டு விருந்து சாப்பிடுகிற நாள். கட்டி முடித்துவிட்டால் அந்த வழக்கமும் முடிந்துவிடும். இந்தக் கட்டடத்துப் பராமரிப்பு ஆட்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. இது ஒருபோதும் கட்டி முடியாத கட்டடம், நாங்கள்தான் தினமும் கட்டுகிறோம் என்பார்கள். ஒவ்வொரு வருடமும் தொட்டி மேடையின் மேல் ஒரு சிலுவை ஏறும். ஒவ்வொரு வருடமும் எலோதியா விருந்தை மேலே அனுப்பிவிட்டு, போன் வரும் என்று சொல்லி அறையில் உட்கார்ந்துவிடுவாள்.

இந்த வருடம் மொட்டை மாடிவரை போனாள். பலகை மேசையில் பன்றி இறைச்சி வறுவல், நறுக்கிய வெங்காயம், செம்பருத்திப் பானம். காகிதப் பூக்கள் துப்புரவுப் பெண்கள் செய்தவை. எல்லோர் முன்னிலையிலும் அவள் கண்டித்த அந்தப் பெண்தான் அவளுக்குத் தட்டு எடுத்துக் கொடுத்தாள். எலோதியா அவளைத் தனியே அழைத்து, அன்றைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றாள். டிக் அடித்தது தப்புதானே என்றாள் அந்தப் பெண் குழப்பத்தோடு. தப்புதான், அதைச் சொல்ல எனக்குத்தான் தகுதி இல்லை என்று எலோதியா சொன்னது அவளுக்குப் புரிந்திருக்காது. ஆனால் இன்னொரு துண்டு இறைச்சி வைத்தாள்.

தோன் செல்சோ சிலுவையை முதுகில் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். அவள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். வயது தெரிந்தது, இடையில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். இவ்வளவு நாளும் இதைக்கூட நின்று பார்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டாள். மேலே போய்ச் சிலுவையைத் தொட்டிகளுக்கு நடுவே கம்பியால் இறுக்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். நேலிதா கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து ஒரு வாய் தின்றுவிட்டு ஓடினாள்.

இறங்கி வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு அவளிடம் வந்தார். எலோதியா ஏப்ரல் படிவத்தை அட்டையில் செருகி எடுத்து வந்திருந்தாள். முப்பது நாள். மட்டம், மூடி, மிதவை, குளோரின் எல்லாம் எழுதியிருந்தது. கடைசிக் கட்டங்கள் முப்பதும் காலியாக இருந்தன. அதைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

“போய்ச் சொல்லிட்டீங்க,” என்றார்.

ஆம் என்றாள். இங்கே உங்கள் பெயரை எழுத வேண்டும், முப்பது கட்டத்திலும் என்றாள்.

அவர் மற்றவர்களுக்குக் கேட்காதபடி நகர்ந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தானே மூடியைத் திறந்து அவள் பக்கம் நீட்டினார். பிறகு மெதுவாகப் பேசினார். அறுபது வாரம் பெரிய விஷயம் இல்லை, மச்சானின் பட்டறையில் எப்படியாவது ஒட்டிக்கொள்ளலாம், மனைவி சம்பாதிக்கிறாள். ஆனால் பொய்க் கையெழுத்துப் போட்டவள் என்று பெயரானால் இந்த ஊரில் எந்தக் கட்டடம் அவளை உள்ளே விடும்?

“ஒன்பது வருஷத்துல நான் உங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. இப்ப கேக்கறேன். எப்பவும் போல நீங்களே போட்டுடுங்க. எனக்காக.”

அது உண்மை. அவர் எதையும் கேட்டதில்லை. இந்த மனிதர் எது கேட்டாலும் செய்துவிட வேண்டும் என்று எத்தனையோ காலைகளில் அந்த டேப் துண்டைக் கதவிலிருந்து பிய்த்தபோது நினைத்திருக்கிறாள். முதன்முதலாகக் கேட்கிறார். கேட்பதும் அவளுக்காகவே கேட்கிறார்.

அவள் பேனாவை வாங்கவில்லை. படிவத்தை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

“மாட்டேன், தோன் செல்சோ,” என்றாள், நேலிதா விட்டுச்சென்ற தட்டை யாரோ எடுத்துப் போகும்வரை காத்திருந்து, தாழ்ந்த குரலில். “ஏப்ரல்ல நான் ஒரு நாளும் மேல போகல.”